ஃபால்ஸ் ஃப்ளோரின் மேல் முப்பது வருஷம்

கம்ப்யூட்டர் அறையில் நான் முதலில் கற்றுக்கொண்ட வேலை தரையைத் தூக்குவது.

1992, ஆடி மாதம். சென்னையில் ஓர் அரசு ஆராய்ச்சிக்கூடம். அதன் இயந்திர அறையில் நாம் மிதிப்பது உண்மையான தரை அல்ல. இரும்புக் கால்களின் மேல் நிறுத்திய, இரண்டடிக்கு இரண்டடிப் பலகைகள். அதற்கு ஒன்றரை அடி கீழேதான் சிமென்ட். நடுவில் குளிர்காற்று ஓடும், கரண்ட் கேபிள் ஓடும், சில்லர் என்ற குளிரூட்டியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் ஓடும். ஃபால்ஸ் ஃப்ளோர் என்போம். எனக்கு சீனியராக இருந்தவர் மன்னார்குடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடிக் கடையில் கண்ணாடியைப் பிடித்துத் தூக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ரப்பர் கப் பதித்த கைப்பிடி ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"ஒட்டி அமுக்கு. மொத்தமா இழுக்காதே, ஒரு ஓரத்தை மட்டும் கிளப்பு. கிளப்பினதும் மூக்கை வெச்சுப் பாரு."

"எதுக்கு சார்?"

"ஈர வாசனை வருதா, கருகின வாசனை வருதா, ரெண்டும் இல்லையா. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் டார்ச் அடி."

நான் அந்தக் கூடத்தின் ஊழியன் அல்ல, அவரும் அல்ல. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, வெளிநாட்டுக் கணினி நிறுவனம் ஒன்றின் இந்திய ஏஜென்டிடம் சர்வீஸ் இன்ஜினியராகச் சேர்ந்திருந்தேன். மாதம் 1,800 ரூபாய். அரசுக்கு விற்ற, பெரிய கணக்குகள் போடும் வெக்டர் கணினியை விற்றவர்களே பராமரிக்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம். அதை ஏஎம்சி என்பார்கள். ரெசிடென்ட் இன்ஜினியர் என்று ஓர் ஆள் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. அந்த ஆள் அவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு நான்.

அந்தக் காலத்தில் அப்படியொரு கணினி இந்த நாட்டுக்குள் வருவதே பெரிய சமாச்சாரம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காக அமெரிக்காவின் கிரே நிறுவனத்திடம் எக்ஸ்-எம்பி ரகத்துக் கணினி கேட்டோம். அமெரிக்க அரசு தரவில்லை. டெல்லியில் வானிலைக் கணிப்புக்காக அதைவிடச் சின்னதான எக்ஸ்-எம்பி/14 ஒன்றை மட்டும் அனுமதித்தது. அந்த 14 என்பதற்கு ஒரே ஒரு பிராசஸர், 40 லட்சம் சொற்கள் கொள்ளும் நினைவகம் என்று அர்த்தம். இன்றைய கணக்கில் 32 மெகாபைட். கைப்பேசியில் எடுக்கிற ஒரு நிமிட வீடியோ அதில் அடங்காது. அதையும் வானிலைக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடுதான் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் போகட்டும், நாமே கட்டலாம் என்று 1988-ல் புனேயில் சி-டாக் என்ற அரசு ஆராய்ச்சி அமைப்பு தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் மூன்று வருடம், 30 கோடி ரூபாய். பிரிட்டனில் தயாரான டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளை வரிசையாகக் கோத்து 1991-ல் பரம் 8000 வந்தது. அந்தச் செய்தி வந்த பத்திரிகைப் பக்கத்தை மன்னார்குடிக்காரர் வெட்டி, எங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். வெளிநாட்டு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கிய மனிதர், தினமும் காலையில் வந்து முதலில் துடைத்தது அந்தக் கண்ணாடியைத்தான்.

எங்கள் இயந்திரம் இரண்டு பீரோ அகலம். அதைத் தொட எங்களுக்கு இருந்த உரிமை கொஞ்சம்தான். கதவைத் திறக்கலாம், எந்த போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பார்க்கலாம், அந்த போர்டை மொத்தமாகக் கழற்றி வேறு போர்டு மாட்டலாம். போர்டுக்குள் கை வைக்கக் கூடாது. பழுது கண்டுபிடிக்கும் மென்பொருளில் பாதிக்கு மேல் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தது. அது வெளிநாட்டிலிருந்து வரும் இன்ஜினியருக்கு மட்டும். சிங்கப்பூருக்கு ஃபேக்ஸ் அனுப்புவோம். மாற்று போர்டு விமானத்தில் ஒரே நாளில் வந்துவிடும். மீனம்பாக்கத்து கஸ்டம்ஸைத் தாண்டி எங்கள் கைக்கு வர எட்டு நாள் ஆகும்.

ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மை இருந்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. அந்த இயந்திரத்தை அதைச் செய்தவர்களைத் தவிர வேறு யாரும் பராமரிக்க முடியாது. அதனால் ஏஎம்சி புதுப்பிக்கும்போது டெண்டர் கிடையாது. ப்ரொப்ரைட்டரி ஆர்ட்டிகிள் சர்டிஃபிகேட் என்று ஒரு காகிதம், அதாவது இந்தப் பொருள் இவர்களிடம் மட்டுமே கிடைக்கும் என்ற சான்று, கோப்பில் வைப்பார்கள். அதே நிறுவனத்துக்கே ஒப்பந்தம் போகும். நிறுவனம் மாறாததால் ஆளும் மாறவில்லை. மன்னார்குடிக்காரர் ஒன்பது வருடம், அவர் கையைப் பிடித்து நடந்து நான் இன்னும் ஏழு வருடம். சில்லர் பம்பின் சத்தம் அரைக் கட்டை ஏறினால் வடிகட்டியில் அழுக்கு என்று அவருக்குத் தெரியும். அவர் பக்கத்தில் இரண்டு வருடம் நின்றதால் எனக்கும் தெரியும். அது எந்த மேனுவலிலும் இல்லை.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. அதற்கடுத்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது: மறு அறிவிப்பு வரும்வரை உதிரி பாகங்கள் அனுப்ப இயலாது. அந்தச் சுருள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அறைக்கு நடுவில் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஒரு பவர் சப்ளை போனது.

பூட்டை உடைப்பதைத் தவிர வழியில்லை. கூடத்தின் மூத்த விஞ்ஞானி ஒருவர் எழுத்தில் அனுமதி கொடுத்தார். ஸ்க்ரூ தலைகளின் மேல் ஒட்டியிருந்த முத்திரைக் காகிதத்தைப் பிளேடால் கீறியபோது என் கை நடுங்கியது. உள்ளே பார்த்தால், பாலிடெக்னிக் லேபில் நான் பார்த்த அதே பொருள்கள்தான். டயோடு, டிரான்ஸ்ஃபார்மர், கட்டைவிரல் தடிமனில் ஆறு கெபாசிட்டர். அதில் ஒன்றின் மண்டை மட்டும் வீங்கி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்திருந்தது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இதே மதிப்பு இருக்கு தம்பி. ஆனா இந்த உசரம் வராது. கொஞ்சம் நெட்டையா இருக்கும், பரவால்லையா?"

22 ரூபாய். பற்றவைத்தோம். உயரம் அதிகமானதால் மூடி உட்காரவில்லை. கூடத்தின் பட்டறையில் மூடியைத் தட்டி ஒரு புடைப்பு எடுத்துக் கொடுத்தார்கள். சுவிட்சைப் போட்டபோது எட்டுப் பேர் மூச்சைப் பிடித்து நின்றோம். ஓடியது. அதற்குப் பிறகு மூன்று வருடம் ஓடியது. ஒரு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அந்தப் புடைத்த மூடியைப் பார்த்துத்தான்.

பிறகு காலம் மாறியது. அந்த மாற்றத்தின் விதை 1994-ல், நாசாவின் காடர்ட் மையத்தில் விழுந்திருந்தது. தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் இருவரும் கடையில் கிடைக்கும் 486 கணினிகள் பதினாறை ஈதர்நெட் கேபிளால் இணைத்து, லினக்ஸ் போட்டு, ஒரே கணினி போல ஓட்டிக் காட்டினார்கள். பெயோவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் தனியாக வார்த்துச் செய்த இயந்திரம் என்ற நிலை அதோடு கரையத் தொடங்கியது. நமக்கு அது பெரிய கதவு. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் ஸியான் சில்லுகள் கொண்ட சர்வர்களை இணைத்து, கப்ரு என்று இமயமலைச் சிகரத்தின் பெயரை வைத்து ஒரு கிளஸ்டர் கட்டியது. 2004-ல் அது உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் இடம் பிடித்தது. அதற்கு முந்தைய வருடம் சி-டாக்கின் பரம் பத்மா அதே பட்டியலில் 171-ஆம் இடத்தில் இருந்தது. சென்னையில் கிளஸ்டர் வேலை செய்த எங்களைப் போன்றவர்களுக்குக் கப்ரு நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. அங்கே வேலை செய்யாதவர்களும் அதன் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்வார்கள்.

எங்கள் கூடத்திலும் கிளஸ்டர் வந்தது. பழைய ஏஜென்ட் கிளையை மூடிவிட்டதால் நான் வேறு நிறுவனத்துக்கு மாறி, அதே அறைக்கு, அதே பலகைகளின் மேல் திரும்ப வந்தேன். இப்போது எதற்கும் பூட்டு இல்லை. நினைவகப் பட்டை, ஹார்டு டிஸ்க், மின்விசிறி எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். மென்பொருளின் மூலநிரல் திறந்து கிடக்கிறது. யாருடைய ஃபேக்ஸுக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த விடுதலை எனக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் யாரும் பழுது பார்க்கலாம் என்றால், யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று கோப்பில் அர்த்தமாகிவிட்டது. ப்ரொப்ரைட்டரி சான்று இனி செல்லாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை டெண்டர். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. அந்த முதல் ஆளை எல்-1 என்பார்கள். அரசு மையங்களில் என் தலைமுறைக்கு அந்த இரண்டு எழுத்து ஜாதகத்தில் லக்னம் மாதிரி. ஆரம்பத்தில் சமாளித்தோம். எல்-1 மாறும்போதெல்லாம் கூடத்து விஞ்ஞானிகள் புது நிறுவனத்திடம், "இவரை எடுத்துக்குங்க, இவருக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்வார்கள். என் கழுத்து அட்டையில் நிறுவனத்தின் பெயர் நாலு தடவை மாறியது, நான் மாறவில்லை. 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்த தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தர வேலையை உரிமையாகக் கேட்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் கூடத்துக் கோப்புகளில் ஒரு பயம் நுழைந்தது. ஒரே ஆள் பல வருடம் இருந்தால் பின்னால் வழக்குப் போடுவான், ஆகவே ஆட்களை மாற்றிக்கொண்டே இருங்கள் என்று ஒரு குறிப்பு. இருபது வருட அனுபவம் என்பது என் பலம் என்று நினைத்திருந்தேன். அது ஆடிட் ஆட்சேபணையாகிவிட்டது.

2015 டிசம்பர் 1. வெள்ளம் வந்த அந்த இரவைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் யுபிஎஸ் அறை தரைத்தளத்தில் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் படியில் இருந்த தண்ணீர், எட்டு மணிக்கு வராந்தாவில். கூடத்து அதிகாரிகளால் வர முடியவில்லை, சாலை இல்லை. அறையில் இருந்தது நாங்கள் மூன்று ஒப்பந்த ஆட்களும் ஒரு செக்யூரிட்டி அண்ணனும். ஒழுங்காக அணைக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கணக்குப் போடும் நோடுகள். அப்புறம் கோப்புகள் இருக்கும் சேமிப்பகம், அது கையிலிருக்கும் தகவலை டிஸ்கில் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து. கடைசியில்தான் சில்லர், முதலில் அதை நிறுத்தினால் சூட்டில் எல்லாம் போய்விடும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, அந்த வரிசையை விடாமல் ஒவ்வொன்றாக அணைத்தோம். கடைசி டிஸ்க் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தபோது மணி பதினொன்றரை. பிறகு பேட்டரிகளைக் கழற்றி மாடிக்குத் தூக்கினோம். மூன்று ராத்திரி அங்கேயே இருந்தோம். செக்யூரிட்டி அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் போய் பன்னும் பிஸ்கட்டும் வாங்கி வந்தார். ஒரு கோப்புகூடப் போகவில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் பல வருடமாகச் சேர்த்த கணக்குகள் அத்தனையும் அப்படியே இருந்தன.

அடுத்த பில்லில், இயந்திரம் ஓடாத ஆறு நாளுக்கு அபராதம் பிடித்தார்கள். ஒப்பந்தத்தில் இயற்கைப் பேரிடருக்கு விலக்கு இருந்தது. ஆனால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுமாம். அந்த ஏழு நாளில் எங்களில் ஒருவர் தன் அம்மாவை முடிச்சூரில் மொட்டை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். நிறுவனம் அந்தத் தொகையை எங்கள் போனஸில் கழித்தது. எனக்குப் பணம் போனதில் வருத்தம் இருந்தது. அதைவிட, அந்த இரவில் என்ன நடந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லையே என்பது இன்றைக்கும் வலிக்கிறது.

அதே 2015-ல்தான் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஏழு வருடத்துக்கு 4,500 கோடி ரூபாய். இதைச் சொல்லும்போது என் குரல் தானாக ஏறும். 2018-ல் புனேயில் பிரத்யூஷ், நொய்டாவில் மிஹிர் என்று வானிலைக்கு இரண்டு பெரிய கணினிகள். 2022-ல் திருச்சி என்ஐடியில் பரம் பொருள். 838 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். பெயரைக் கேட்டதும், குறளின் நடுப்பாலை எடுத்து ஒரு கணினிக்கு வைத்திருக்கிறார்களே என்று மனசு நிறைந்தது. 2024 செப்டம்பரில் சி-டாக்கின் ருத்ரா சர்வர்களைக் கொண்ட மூன்று கணினிகளும், வானிலைக்கு அர்கா, அருணிகா என்ற இரண்டும் ஒரே நாளில் தொடங்கிவைக்கப்பட்டன. அடுத்த வருடம் மே மாதம் முதல் ஆறு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் போட்டு மழையைக் கணிக்கிறார்கள். அதற்கு முன் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு பெட்டிக்காக அமெரிக்காவின் வாசலில் நின்ற காலத்தை நினைத்துக்கொள்வேன். 2025 ஜனவரியில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தை அமெரிக்கா தன் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது என்ற செய்தியைப் படித்த அன்று, அந்தப் பழைய ஃபேக்ஸ் எங்காவது இருக்கிறதா என்று டிரங்குப் பெட்டியில் தேடினேன். ஃபேக்ஸ் காகிதத்தில் எழுத்து நிற்காது. வெறும் வெள்ளைத்தாள்தான் இருந்தது.

எங்கள் கூடத்தின் புது இயந்திரம் திரவக் குளிர்ச்சி கொண்டது. முன்பு தரைக்கு அடியில் போன தண்ணீர் இப்போது சில்லின் தலை மேலேயே போகிறது. விரல் தடிமனில் கறுப்பு ஹோஸ்கள், ஒவ்வொரு சர்வருக்கும் வருவது ஒன்று போவது ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ள ரெசிடென்ட் இன்ஜினியராக வந்தவள் காஞ்சிபுரத்துப் பெண். பி.இ. படித்தவள், கைக்கு வருவது 23,000. பதினொரு மாத ஒப்பந்தம், இரண்டு முறை நீட்டிப்பு. முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தாள். நீலக் கோடு போட்ட ஸ்கூல் நோட்டு. வேலையை மூன்று மாதத்தில் பிடித்துவிட்டாள். ஹோஸ் மேல் உள்ளங்கையை வைத்து, "சார், இது இன்னிக்கு ஒரு ரெண்டு டிகிரி ஜாஸ்தி" என்பாள். திரையில் பார்த்தால் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

அவள் கண்டுபிடித்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கரண்ட் போய்த் திரும்பினால் எல்லா ரேக்கையும் ஒன்றாக ஆன் செய்யக் கூடாது. நாலாவது ரேக்கும் சேமிப்பகமும் ஒரே பிரேக்கரில் இருக்கின்றன. சர்வர்கள் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் பிரேக்கர் விழும். சேமிப்பகத்தை முதலில் போட்டு, ஐந்து நிமிடம் விட்டு நாலாவது ரேக்கைப் போட வேண்டும். இதை அவள் நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கட்டம் கட்டியிருந்தாள்.

மூன்றாவது தடவை நீட்டிப்பு கிடைக்கவில்லை. புது டெண்டர், புது எல்-1, புது ஆட்கள். ஹேண்டோவருக்கு மூன்று நாள் கொடுத்தார்கள். படிவத்தில் சர்வர் எண்ணிக்கை, சாவி எண்ணிக்கை, பாஸ்வேர்டு உறை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நோட்டுக்கு இல்லை. அது மேஜை டிராயருக்குள் போனது. ஐப்பசி மழையில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. புதுப் பையன் எல்லா ரேக்கையும் ஒன்றாகப் போட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிரேக்கர் விழுந்தது. சேமிப்பகம் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்ததில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவே குழம்பிவிட்டது. சரிசெய்ய இரண்டு நாள். பிஎச்டி மாணவி ஒருத்திக்கு, புரத மூலக்கூறு மடியும் விதம் பற்றிப் பதினோரு நாளாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு, இடைச் சேமிப்போடு சேர்ந்து போய்விட்டது. அவள் வராந்தாவில் நின்று அப்பாவிடம் போனில் பேசியதை நான் கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா, திரும்பப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றாள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது கூடம் என்னைத் தொழில்நுட்பக் குழுவில் வெளி உறுப்பினராகக் கூப்பிடுகிறது. ஒப்பந்தத்துக்குக் கீழே முப்பது வருடம் நின்றவன், இன்று டெண்டரை எழுதும் மேஜையில் உட்கார்கிறேன். 1992-ல் எங்கள் வேலை விவரம் டைப் அடித்த அரைப் பக்கம். இப்போதைய ஆவணம் 84 பக்கம். அப்டைம் எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரத்தில் பதில், தவறினால் எவ்வளவு பிடித்தம் எல்லாம் இருக்கிறது. நான் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன். பழைய ஆளும் புது ஆளும் அறுபது நாள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதற்கு இருவருக்கும் சம்பளம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நோட்டும் ஒப்படைக்க வேண்டிய பொருள்களில் ஒன்று. மூன்றாவது, வெறும் விலையை மட்டும் பார்க்காமல் தரத்துக்கும் மதிப்பெண் போட வேண்டும். நிதி அமைச்சகம் 2021 அக்டோபரிலேயே இந்த மாதிரிச் சேவைகளுக்குத் தரத்துக்கு 30 சதவீதம் வரை இடம் கொடுத்திருக்கிறது என்று சுற்றறிக்கையை எடுத்து நீட்டினேன்.

கணக்கு அதிகாரி நல்லவர். தஞ்சாவூர்க்காரர், மகளும் இன்ஜினியர். "நீங்க சொல்றது நியாயம் சார். ஆனா நாளைக்கு ஆடிட்ல, குறைஞ்ச விலைக்காரனை ஏன் விட்டேன்னு என்னைத்தானே கேப்பாங்க" என்றார். அவர் பயமும் உண்மை. ஒரு மணி நேரம் பேசினோம். முதல் இரண்டையும் எழுதிக்கொண்டார். மூன்றாவது மேலிடத்துக்குப் போயிருக்கிறது.

கூட்டம் முடிந்து மாடியிறங்கி இயந்திர அறைக்குப் போனேன். புதுப் பையன் திருநெல்வேலிக்காரன், இருபத்துநாலு வயது. பிரேக்கர் விழுந்த நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் எழுந்து நிற்கிறான். அவனிடம் அந்தப் பழைய ரப்பர் கப் கைப்பிடியைக் கொடுத்து, நாலாவது ரேக்குக்கு முன்னால் ஒரு பலகையைத் தூக்கச் சொன்னேன். ஓரத்தை மட்டும் கிளப்பினான். எனக்குக் கொரோனாவுக்குப் பிறகு வாசனை சரியாகத் தெரிவதில்லை.

"என்ன வாசனை வருது, தம்பி?"

மண்டியிட்டுக் குனிந்தான். "மண் நனைஞ்ச மாதிரி வருது சார்."

டார்ச் அடித்தோம். ஹோஸ் பிரதானக் குழாயோடு சேரும் கப்ளரில் ஒரு சொட்டு, திரண்டு நின்றது. கசிவு சென்சார் அதிலிருந்து ஓர் அடி தள்ளி இருந்ததால் அதற்கு இன்னும் தெரியவில்லை. சிமென்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அவன் கப்ளரைக் கால் திருகு இறுக்கி, துணியால் துடைத்து, பத்து நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சொட்டு மறுபடி திரளவில்லை.

"சார், இதை எங்க எழுதணும்? போர்ட்டல்ல டிக்கெட் போட்டா, க்ளோஸ் ஆனதும் போயிடும். எனக்கும் மார்ச் வரைக்கும்தான் ஒப்பந்தம்."

டிராயரைத் திறந்து காஞ்சிபுரத்துப் பெண்ணின் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். சிவப்புக் கட்டத்தை விரலால் தொட்டு ஒரு முறை படித்தான். பிறகு அதற்குக் கீழே காலியாக இருந்த வரியில் தேதியைப் போட்டு எழுத ஆரம்பித்தான்: ரேக் 4, கீழ் வரிசை, இடது கப்ளர்.